யார் வீட்டு விளக்கு?

ஏலம் என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. சன்னல், சாவி, மேசை ஆகியவற்றோடு அதே கப்பலில் வந்திறங்கிய சொல் அது. ஆனால் நம் மண்ணில் அது கொண்ட வேர் பெரிது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் முன்னரே கடைகள் ஏலம் போய்விடுகின்றன. ஊர்க் குளத்து மீன் ஏலம். சாலையோரப் புளியமரத்துக் காய் ஏலம். நம் கோவில் திருவிழாக்களிலும் கொடியிறக்கத்துக்குப் பின் ஓர் ஏலம் உண்டு. காணிக்கையாக வந்த சேவல், வாழைத்தார், பூசணிக்காய், பின்னலிட்ட தேங்காய் ஆகியவற்றை ஒருவர் உயர்த்திப் பிடிப்பார். மற்றொருவர் “ஒரு தரம், இரண்டு தரம்” என்று கூவுவார். இருபது ரூபாய்ப் பூசணி இரண்டாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடியும் கோவிலுக்கே கொடுத்துவிட, அது மீண்டும் ஏலத்துக்கு வரும். பொருளியல் படித்தவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே ஒரு சிறப்பு உண்டு. பூசணி யார் தோட்டத்தது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்கிறவர் யார், ஏன் கேட்கிறார், சென்ற ஆண்டு அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதும் தெரியும். முகம் தெரிந்த ஏலம் அது.

முகம் தெரியாத ஏலம் ஒன்று இப்போது நம் கைக்குள் வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஓமிட்யார் என்பவர் ஓர் இணையத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதன்முதலாக விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கோல். 14 டாலர் 83 சென்ட்டுக்கு அதை வாங்கினவர், உடைந்த சுட்டுக்கோல்களைச் சேர்ப்பவராம். அந்தத் தளமே பின்னாளில் ஈபே ஆயிற்று. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் ஓவியங்களை இணையவழி ஏலம் விட்டது. இன்றோ பழைய கடிகாரம், கிராமபோன் பெட்டி, தபால் தலை, தஞ்சாவூர் ஓவியம், செட்டிநாட்டுக் கதவு, வெண்கலச் சிலை என எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கி ஏலமிடும் நிறுவனங்கள் பல உண்டு. தென்காசித் திண்ணையில் அமர்ந்தபடியே கொல்கத்தாவிலுள்ள நாற்காலிக்கு விலை கேட்கலாம்.

பெங்களூரில் கணிப்பொறிப் பணியில் இருக்கும் என் தங்கை மகன், சென்ற ஆண்டு சாரலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டபடியே கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

“மாமா, இதுல என்னமோ எழுதியிருக்கு. பழைய தமிழ் போல இருக்கு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

திரையில் இருந்தது ஒரு பாவை விளக்கு. ஒன்றரை முழ உயரம் இருக்கலாம். இரு கைகளாலும் அகல் ஏந்திய பெண், கொண்டை சாய்ந்திருந்தது, முகம் தேய்ந்து கண்கள் பாதி மறைந்திருந்தன. பட்டியலில் அதன் எண் 114. தொடக்க விலை 60,000 ரூபாய். “தென்னிந்தியா, பதினொன்றாம் நூற்றாண்டு, கல்வெட்டு ஆண்டுடன்” என்று விளக்கம் எழுதியிருந்தார்கள். ஏலம் முடிய ஐந்து நாட்கள் இருந்தன. புது வீட்டின் கூடத்தில் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் ஆசையை நான் இழிவாக நினைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அவனுடைய பாட்டிக்குச் சீராக வந்த பித்தளைத் தவலைகள், செம்பு அண்டா, வெண்கல உருளி ஆகியவை ஒரு காலத்தில் அடுக்களை நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். எவர்சில்வர் வந்தது, ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது நின்றது, சொத்துப் பிரித்தபோது பாத்திரங்களைப் பங்கிட முடியாமல் எடைக்குப் போட்டுப் பணத்தைப் பங்கிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் இது நடக்காத வீடு குறைவு. கிலோக் கணக்கில் போன பாட்டியின் பெயரை ஏதோ ஒரு பழம்பொருளில் மீட்டெடுத்துவிடலாம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுடைய இந்த ஏக்கத்தின்மேல்தான் பழம்பொருள் வாணிகத்தின் ஒரு பாதி நிற்கிறது.

படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். பீடத்தின் விளிம்பைச் சுற்றி ஒரே வரி. முதலில் ஆண்டு: ௲௫௰௨. தமிழ் எண்களில் 1052. விற்பவர் இதைக் கிறித்து ஆண்டாக எடுத்துக்கொண்டு, விளக்கைச் சோழர் காலத்துக்குத் தள்ளிவிட்டார். ஆனால் இந்தப் பக்கத்தில் அந்நாளில் வழங்கியது கொல்லம் ஆண்டு. செங்கோட்டை வட்டாரம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். கொல்லம் 1052 தை மாதம் என்றால் 825-ஐக் கூட்ட வேண்டும். 1877 சனவரி. எண்ணூறு ஆண்டு ஒரு நொடியில் உதிர்ந்தது. தங்கை மகன் முகமும் சற்று வாடியது.

எனக்கோ அந்த ஆண்டுதான் நெஞ்சைப் பிடித்தது. 1877 சனவரி என்பது தாது வருடத்துத் தை. மதராஸ் மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன தாது வருடப் பஞ்சத்தின் நடுநாட்கள் அவை. ஆண்டுக்குப் பின் வந்தது ஓர் ஊரின் பெயர். தாமிரபரணியின் கிளைக் கால் ஒன்றின் கரையில், பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் உள்ள ஊர்தான். பின்னர் சுவாமியின் பெயர், அதன்பின் இன்னார் மகள் இன்னாள், கடைசியில் ‘உபயம்’. ஊரின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் இங்கே எழுதுவது முறையன்று. பஞ்சத்தில் பித்தளையை அரிசிக்கு விற்றவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே ஆண்டில் ஒருத்தி பித்தளையை வார்த்துக் கோயிலில் நிறுத்தியிருக்கிறாள். நேர்ச்சையோ, நன்றியோ, இறந்த பிள்ளையின் நினைவோ, யார் அறிவார்?

“அப்படின்னா இது கோயில் பொருளா, மாமா?” என்றான் அவன்.

உபயம் என்ற சொல் அதைத்தான் சொல்லுகிறது. கொடுத்தவள் கையை விட்டது. எடுத்து விற்கும் உரிமை பின்னால் எவருக்கும் வரவில்லை. பட்டியலோ இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உயரம் இருந்தது, எடை இருந்தது, பன்னிரண்டு கோணங்களில் படம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் “தனியார் சேகரிப்பு” என்ற இரண்டே சொற்கள் இருந்தன.

இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு மறையக்கூடும் என்பதை நம் பகுதியே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு திசம்பரில் பாரிசு நகரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரு வெண்கல நடராசரை ஏலத்துக்கு அறிவித்தது. இரண்டு இலட்சம் யூரோவுக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த நடராசர் 1972-இல் கயத்தாறு கோதண்டராமேசுவரர் கோயிலிலிருந்து களவாடப்பட்டவர் என்று தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டறிந்து, தொல்லியல் துறை வழியாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஏலம் நின்றது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று மட்டுமே நாம் அறிந்திருந்த கயத்தாற்றின் கூத்தர், ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பாரிசில் ஒரு பட்டியல் எண்ணாக நின்றிருந்தார்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வரும் தொடர்வண்டியில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி வரும். அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் 1982-இல் திருடு போனார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் 2001-இல் அவரை விலை கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது; 2019 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அதே பாதையில் இன்னும் சற்று வந்தால் ஆழ்வார்குறிச்சி. இங்கே நரசிங்கநாதர் கோயிலின் கங்காளமூர்த்தியும் நந்திகேசுவரரும் 1985-இல் மறைந்தனர். கடல் கடந்து போயிருந்த அவ்விருவரும் மீட்கப்பட்டு, 2022 சூன் மாதம் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டனர். அத்தாளநல்லூர் மூன்றீசுவரர் கோயிலின் கல் துவாரபாலகர்கள் கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் வரை காவல் காக்கப் போய்விட்டு 2020-இல் மீண்டனர். வாயிற்காவலரையே தூக்கிச் சென்ற திறமையை என்னவென்பது!

இவற்றுள் எதையும் வாங்கினவர்கள் இருட்டில் நின்று வாங்கவில்லை. வெளிச்சமான கூடங்களில், கையொப்பமிட்ட தாள்களோடு வாங்கினார்கள். தாள்கள்தாம் பொய். அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் நடராசரைக் கான்பெரா கலைக்கூடம் 2008-இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இந்தியாவை விட்டு வெளியேறிய சிலை என்று காட்டும் ஆவணங்கள் உடன் இருந்தன. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-இல் அதே சிலையைக் கோயிலிலேயே படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தின் முன் ஆவணங்கள் நிற்கவில்லை. 2014-இல் சிலை திரும்பியது. விற்ற சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

பிரெஞ்சு நிறுவனத்தின் அந்தப் புகைப்படச் சேகரிப்பு நமக்குச் செய்திருக்கும் தொண்டு பெரிது. 1950-களிலிருந்து ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படமெடுத்தவர்கள், பின்னாளில் இவை நீதிமன்றச் சான்றாகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் வாழும் எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் ஏலப் பட்டியல்களின் படங்களையும் இந்தப் பழைய படங்களையும் அருகருகே வைத்து, உடைந்த விரலையும் வார்ப்புக் குழியையும் ஒப்பிட்டு அடையாளம் கண்டு வருகிறார்கள். இங்கே இணையவழி ஏலத்தைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். முன்பு இவ்வாணிகம் பூட்டிய அறைகளில் நடந்தது. இப்போது பட்டியல் உலகுக்கே திறந்து கிடக்கிறது. திருடனுக்குச் சந்தையாகும் அதே பக்கம் தேடுகிறவனுக்குத் துப்பும் ஆகிறது. சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அரிய படி ஒன்று 2005-இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து மறைந்தது. அது இலண்டனில் இருப்பதை 2022-இல் காவல்துறையினர் கண்டதும் இணையப் பக்கங்களைத் தேடியே.

பத்தூர் நடராசரின் கதை நம் வாசகர்களுள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். 1976-இல் மண்ணிலிருந்து வெளிவந்த அந்தச் சிலையை ஒரு கனடா நாட்டு நிறுவனம் இலண்டனில் விலைக்கு வாங்கியிருந்தது. பாழடைந்த கோயில்தானே, கேட்க யார் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அந்தக் கோயிலே சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், அது வழக்காடலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் மேல்முறையீட்டிலும் கோயிலே வென்றது. பூசை நின்றுபோன இடத்துக்கும் உரிமை நின்றுபோகவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் வேண்டும். உலோகச் சிற்பம், ஓவியம் முதலியவற்றை வைத்திருப்போர் பதிவு செய்து சான்று பெற வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆகவே பழைய சிலையொன்றை ஏலப் பக்கத்தில் கண்டால், பதிவுச் சான்று உண்டா என்பதே முதற்கேள்வி. விளக்கு எண் 114-க்கு அப்படி ஒன்று காட்டப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், சோழர் காலம் என்று மிகைப்படுத்தியவர் சட்டத்தின் வாயில் தாமே நடந்து போயிருந்தார்.

போலிகளைப் பற்றியும் சிறிது சொல்லலாம். புதிதாக வார்த்த வெண்கலத்தை அமிலத்தில் தோய்த்து மண்ணில் புதைத்து வைத்தால் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கை படும் இடம் தேய்ந்து, கை படாத இடுக்கு கூர்மையாக இருப்பதுதான் நெடுநாள் வழங்கிய பொருளின் அடையாளம். போலியில் எல்லா இடமும் ஒன்றுபோல் மங்கியிருக்கும். படத்தில் அடிப்பாகத்தைக் காட்டாதவரிடம் அடிப்பாகத்தைக் கேட்க வேண்டும். இரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் ஆயிரமாயிரமாக வெளிவந்தவை. அவற்றின் மறுபதிப்பைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கி “மூலப் படம்” என்பார்கள். ஏலப் பட்டியலின் மொழியே ஒரு தனி மொழி. ஓவியரின் பெயரை வெறுமனே எழுதினால் ஒரு பொருள். “அவருடையதாகக் கருதப்படுவது” என்றால் வேறு. “அவர் வட்டத்தைச் சேர்ந்தது”, “அவரைப் பின்பற்றியது” என்று போகப்போக ஓவியர் தெருமுனையைத் தாண்டிவிடுவார். கடைசியில் “உள்ளது உள்ளபடி” என்றொரு வரி இருக்கும். அதற்கு, பின்னால் வந்து கேட்காதே என்று பொருள்.

விலை கேட்கும் முறையிலும் சூது உண்டு. நம் உச்ச விலையை முன்கூட்டியே குறித்து வைத்தால், எதிராளி ஏற ஏற இயந்திரம் நமக்காக ஏறும். கடைசி நிமிடத்தில் எவரேனும் கேட்டால் நேரம் நீளும். முகம் தெரியாத ஒருவனை வென்றுவிட வேண்டும் என்ற வெறி அப்போது வந்து ஏறும். வென்றபின் வாங்குவோர் கட்டணம், வரி, அனுப்பும் செலவு என்று மூன்று வால்கள். 1999-இல் பதிவான ஒரு சாதாரண வோல்க்ஸ்வாகன் கார், முன்பு கர்தினால் இராட்சிங்கருக்கு உரியதாயிருந்தது என்ற ஒரே காரணத்தால், 2005-இல் செருமானிய ஈபேயில் ஏறக்குறைய 1,89,000 யூரோவுக்குப் போயிற்று. எடுத்தது ஒரு சூதாட்ட நிறுவனம்! அதே ஆண்டில் திருத்தந்தையின் திருப்பலியில் பெற்ற நற்கருணை அப்பம் ஒன்றையும் ஒருவர் ஏலப் பக்கத்தில் போட்டார். விசுவாசிகளின் கொதிப்புக்குப் பின் அது மறைமாவட்டத்திடம் சேர்ந்தது. புனிதப் பண்டங்களை விற்பது அறவே விலக்கப்பட்டது என்று திருச்சபைச் சட்டம் 1190-ஆம் பிரிவில் சொல்லுகிறது. வழிபாட்டுக்கென ஒதுக்கிய பொருள் தனியார் கையில் இருந்தாலும் உலகியல் பயனுக்கு ஆகாது என்று 1171-ஆம் பிரிவு. ஒரு பழைய திருப்பலிக் கிண்ணம் யாரோ ஒருவர் கூடத்தில் பூச்சாடியாக நின்றால் நம் மனம் எப்படிப் புண்படும் என்று தங்கை மகனிடம் கேட்டேன். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழம்பொருள் வாங்குவதே தவறு என்று சொல்ல நான் முன்வர மாட்டேன். தாமசு, வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் இப்பக்கமெல்லாம் சுற்றி வரைந்தவற்றை 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். அவற்றுள் பாபநாசம் அருவியும் உண்டு. அவ்வகைப் படத்தை ஒருவர் வாங்கி மாட்டினால் எந்தச் சுவரும் வெறுமையாவதில்லை. (படத்துக்காகப் பழைய நூலைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது.) காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் குவிந்து கிடக்கும் செட்டிநாட்டுப் பாத்திரங்களும் மர வேலைப்பாடுகளும் உரியவர்களே மனமறிந்து விற்றவை என்றால் அவற்றை எடுத்துப் பேணுவது நல்ல காரியமே.

இதற்கு நேர் எதிராகக் குற்றாலத்தில் ஒன்று இருக்கிறது. ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபையில் கூத்தர் வெண்கலமாக இல்லை. சுவரில் ஓவியமாக ஆடுகிறார். செப்புத் தகடு வேய்ந்த கூரையின் கீழ், நான்கு புறமும் சித்திரங்கள். கழற்றி எடுக்க முடியாத நடராசர். ஈரக் காற்றும் காலமும் அரித்துச் சில இடங்களில் வண்ணம் போயிருக்கிறதே தவிர, அவரை ஒரு பட்டியலிலும் எவரும் காண முடியாது.

மறுநாள் அருவிக்குப் போகாமல் இருவரும் அந்த ஊருக்குப் பேருந்து ஏறினோம். சிறிய கோயில், ஒரு வேளைப் பூசை. எங்களை இன்னார் என்று சொல்லிக்கொண்டோம். வயது முதிர்ந்த பூசகர் அன்போடு பேசினார். சிறு வயதில் சந்நிதிக்கு இருபுறமும் விளக்கேந்திய பெண்கள் நின்றதாக நினைவு என்றார். எப்போது போயின என்று தெரியாது, திருப்பணிக்காகப் பொருள்களை வெளியே எடுத்து வைத்த ஒரு சமயமாக இருக்கலாம் என்றார். பொறுப்பிலிருந்த அலுவலர் பதிவேட்டைக் காட்டினார். ‘பித்தளை விளக்கு – உருப்படி 4’ என்று இருந்தது. அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தோம், நான்கு விளக்குகள் சரியாக இருந்தன. அவற்றுள் இரண்டு, கடைச்சீட்டு ஒட்டிய பசையின் தடம்கூட மாறாத புதிய நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள். கணக்கில் ஒரு குறையும் இல்லை!

தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான் என்பதை இவ்வூரார் பெருமையாகச் சொல்வோம். முடிசூடிய அரசன் முகம் தெரியாதவர்முன் குனிந்தான். கோயில் பெரிதானால் கோபுரம் வீழ்ந்தாலும் 1990-இல் மீண்டும் எழுகிறது. ஒரு வேளைப் பூசைக் கோயிலின் பாவை விளக்குக்காக யார் குனிவது?

அன்றிரவே தங்கை மகன் ஏல நிறுவனத்துக்கு எழுதினான். நான் எழுத்துகளைப் படியெடுத்து, கொல்லம் ஆண்டின் கணக்கோடு, 1983 முதல் இயங்கிவரும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் பதிவஞ்சலில் அனுப்பினேன். நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. ஆனால் ஏலம் முடிவதற்கு முந்தின நாள் பார்த்தபோது 113-க்கு அடுத்து 115 வந்தது. விளக்கு விற்பவரிடமே திரும்பிற்றா, வேறு வழியில் வேறு கைக்குப் போயிற்றா, காவல்துறையின் கண்ணுக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. அதை எண்ணும்போது மனம் அமைதியாக இல்லை. அதே ஏலத்தில் அவன் ஒரு செம்புத் தவலையை எடுத்தான். குடும்பப் பிரிவினையில் விற்ற வீட்டுப் பாத்திரம் என்று விற்றவர் எழுதியே கொடுத்திருந்தார். அதில் வெட்டியிருந்த பெயரை இப்போது அவன் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளாம்.

ஆவணி மாதத்தில் அலுவலரின் இசைவோடு மறுபடி அந்தக் கோயிலுக்குப் போனோம். இம்முறை அளவுநாடாவும் வெள்ளைத் துணியும் கொண்டு சென்றோம். மணி, தாம்பாளம், தீபக்கால், மீதமிருந்த பழைய விளக்கு இரண்டு என ஒவ்வொன்றாகத் துணியில் கிடத்தி, மேலும் கீழும் பக்கமும் படமெடுத்தோம். பூசகர் புளி கரைத்து விளிம்பைத் துடைத்துக் கொடுத்தார். கோயில் எழுத்தர் இளைஞர். உயரம், எடை, எழுத்து என்று கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தவர், மணியின் கழுத்தில் இருந்த ௲௭௰௧ என்ற எண்ணைப் பார்த்து நிமிர்ந்தார்.

“ஆயிரத்து எழுபத்தொண்ணுன்னு போடட்டுமா, ஐயா?”

“போடுங்க தம்பி. முன்னால கொல்லம்னு எழுதிருங்க. மாசம் என்னன்னு பாருங்க. ஆவணியிலிருந்து மார்கழி பாதிவரைன்னா எண்ணூத்தி இருபத்தி நாலு, அதுக்குப் பிறகுன்னா இருபத்தஞ்சு கூட்டணும்.”

அவர் மணியைத் திருப்பினார். மாதம் இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. பூசகர் மீண்டும் புளியைத் தொட்டார்.